கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கடல்

தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடல் புதிதன்று. காலையில் கண் விழித்தால் உப்புக்காற்று. மாலையில் மீன் ஏலத்தின் கூச்சல். ஆனாலும் கடலின் அடியில் என்ன இருக்கிறது என்பதை நானும் என் தங்கையும் முதன்முதலாகக் கண்டது எங்கே தெரியுமா? சிங்கப்பூரில், எங்கள் சித்தப்பா வீட்டின் ஏழாவது மாடியில்!

சென்ற கோடை விடுமுறையில் அங்கே ஆறு வாரம் தங்கியிருந்தோம். வரவேற்பறைச் சுவரோரம் நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. ஏறக்குறைய முந்நூறு லிட்டர் உப்புநீர். நீலமும் வெண்மையும் கலந்த விளக்கொளி. உள்ளே அடுக்கி வைத்த பாறைகள், அவற்றின்மீது பூத்துக் குலுங்கும் பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள். முதல் நாள் சாப்பாட்டையும் மறந்து அதன் முன்னே உட்கார்ந்துவிட்டோம். “பிள்ளைகளுக்குச் சிங்கப்பூரே வேண்டாம், இந்தப் பெட்டி போதும் போலிருக்கிறதே!” என்று சித்தி சிரித்தார்.

அந்தத் தொட்டியில் நடந்த ஒரு சண்டையைப் பற்றித்தான் எழுதப் போகிறோம். அதில் எங்கள் பங்கும் உண்டு. பெருமைப்படத்தக்க பங்கு அன்று.

முதலில் பாறையைச் சொல்ல வேண்டும். அதை ‘உயிர்ப்பாறை’ என்கிறார்கள். பாறைக்கு ஏது உயிர் என்று நாங்களும் கேட்டோம். முன்னொரு காலத்தில் பவளப் பூச்சிகள் கட்டி விட்டுப்போன சுண்ணாம்புக் கூடுதான் அது. கூடு இறந்தது, ஆனால் அதன் ஆயிரமாயிரம் துளைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நஞ்சை அவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பிராணவாயு குறைந்த உள்துளைகளில் வாழும் வேறு சில பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டையும் நைட்ரஜன் வாயுவாக்கி வெளியேற்றிவிடும். நைட்ரஜன் சுழற்சி என்று படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, மனப்பாடம் செய்தோமே, அதே பாடம் அங்கே இரவும் பகலும் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்தது! இவ்வகைப் பாறையைக் கொண்டு இயற்கை முறையில் கடல் மீன் வளர்க்கலாம் என்று 1961-ஆம் ஆண்டில் எழுதி உலகுக்கு உணர்த்தியவர் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவராம். பாறை செத்தால் தொட்டியும் செத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பவளங்கள். அவற்றில் கல்போன்ற கூடு கட்டுபவை ஒரு சாதி. கூடு கட்டாமல், சதைப்பற்றாகச் செடிபோல் அசைபவை இன்னொரு சாதி; அவை மென்பவளங்கள். சித்தப்பாவின் செல்லப் பிள்ளை ஒரு பச்சை நிற மூளைப் பவளம். மனித மூளையைப் போலவே மடிப்பு மடிப்பாக இருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் எலுமிச்சம்பழ அளவில் வாங்கியதாம். இப்போது தேங்காய்மூடி அளவு. அதற்கு நாலாபுறமும் முற்றுகையிட்டு நின்றது ஸீனியா என்னும் மென்பவளம்.

ஸீனியாவை வெறுக்க முடியாது, தோழியரே! வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த தண்டுகள். ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் கொத்துக் கொத்தாகப் பாலிப்புகள். ஒவ்வொரு பாலிப்புக்கும் இறகுபோன்ற எட்டுக் கரங்கள். அவை சின்னக் குழந்தையின் கை மூடித் திறப்பதைப்போல ஓயாமல் மூடித் திறக்கும். ஏன் அப்படிச் செய்கிறது என்பது பலருக்கும் புதிராக இருந்ததாம். செங்கடலில் இதே குடும்பத்துப் பவளத்தைப் படம்பிடித்து ஆராய்ந்த இஸ்ரேல் விஞ்ஞானிகள் 2013-ஆம் ஆண்டில் விடை கூறினர். பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்கு உணவூட்டுகின்றன. அப்போது வெளிப்படும் பிராணவாயு சுற்றிலும் தேங்கினால் ஒளிச்சேர்க்கை மந்தமாகிவிடும். கை மூடித் திறப்பது அந்தத் தேக்கத்தை விசிறித் தள்ளுவதற்காம். தனக்குத் தானே விசிறிக்கொள்ளும் உயிர்!

சித்தப்பா விரும்பித்தான் அதைத் தொட்டியில் விட்டார். நீரில் சேரும் கழிவுச் சத்துகளை அது உறிஞ்சிக்கொள்ளும், நீர் தெளிவாக இருக்கும் என்று நண்பர் ஒருவர் ஒரே ஒரு தண்டைக் கொடுத்தாராம். ஒரு தண்டு ஓராண்டில் ஒரு பாறையை மூடியது. மறு ஆண்டில் மூன்று பாறைகளை மூடிவிட்டது. ஸீனியா விதை தேடிக் காத்திருப்பதில்லை. ஒரு தண்டு நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கும். அடிப்பாகம் பாறைமேல் நகர்ந்து போகும், போகிற வழியில் ஒரு துணுக்கை விட்டுச் செல்லும், துணுக்கு தண்டாகும். கல்பவளங்களோ கொட்டும் கரங்களை நீட்டிச் சண்டை போடுபவை. ஆனால் வளர்ச்சியில் ஆமை வேகம். ஸீனியா கொட்டுவதில்லை. முந்திக்கொண்டு வளர்ந்து, குடை பிடித்ததுபோல் ஒளியை மறைத்துவிடுகிறது. நாங்கள் பார்த்தபோது மூளைப் பவளத்தின் ஒரு பக்கம் வெளுத்து, ஓரத்தில் வெள்ளை எலும்பு தெரிந்தது. இன்னோர் ஆபத்தும் உண்டு. தொட்டி நிறைய மண்டிய ஸீனியா சில வேளைகளில் காரணம் தெரியாமல் ஒரேயடியாகக் கரைந்து அழுகிவிடும். அப்போது நீர் கெட்டு மற்றவையும் சாகும்.

“ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசா உட்கார்ந்து எடுக்கணும். நேரம்தான் கிடைக்கல” என்று சித்தப்பா ஒருநாள் பெருமூச்சு விட்டார். எங்களுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அவர் வேலைக்குப் போன சமயம் நாமே சுத்தம் செய்துவிட்டால்? மாலையில் வந்து பார்த்து எவ்வளவு மகிழ்வார்!

நாங்கள் செய்தது இதுதான். சமையலறையிலிருந்து ஒரு பழைய கரண்டி. தொட்டிக்குள் கைவிட்டுப் பாறையைச் சரக் சரக்கென்று சுரண்டினோம். தொட்டவுடன் ஸீனியா சுருங்கி, வழவழவென்று கோழையைக் கக்கியது. ஒரு மாதிரியான கவிச்சி நாற்றம். துண்டு துண்டாகப் பிய்ந்து வந்ததைச் சிறு வலையால் அள்ளினோம். அகப்படாதவற்றை மோட்டாரின் நீரோட்டம் எங்கோ இழுத்துக்கொண்டு போயிற்று. அரை மணி நேரத்தில் பாறை ‘பளிச்’சென்று ஆகிவிட்டது. சித்தப்பா வந்தார், பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. எங்கள் தலையைத் தடவிவிட்டு, உடனே சட்டையை மடித்துக்கொண்டு பாதித் தண்ணீரை மாற்றத் தொடங்கினார். அப்போதே எங்களுக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் வாரம் விளைவு தெரிந்தது. சுரண்டிய இடத்தில் எல்லாம் புள்ளி புள்ளியாக மொட்டுகள். முன்பு மூன்று பாறைகளில் இருந்தது. இப்போது மணலில், பின்புறக் கண்ணாடியில், மோட்டாரின் மூடியில், ஏன், மூளைப் பவளத்தின் காலடியில்கூட! தங்கை எண்ணிப் பார்த்தாள். புதிதாகப் பதினான்கு இடங்கள். அவள் அழுதேவிட்டாள். “கோரைப் புல்லைக் கிழங்கோட எடுக்காம மேலால அறுத்தா என்ன ஆகும்மா? அதுதான் இது” என்றார் சித்தப்பா. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களையும் கூட வைத்துக்கொண்டு முறையாகச் செய்து காட்டினார்.

முந்தின நாளே உப்புநீர் தயாராயிற்று. லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் வீதம் கடலுப்புக் கலவை. வெப்பம் தொட்டியில் உள்ளதைப் போலவே இருபத்தாறு டிகிரி. குழாய்த் தண்ணீர் கூடவே கூடாதாம். அதில் உள்ள மருந்து பாறைக்குள் வாழும் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். பாறையை வெயிலில் காயவைத்தால் ஸீனியா நிச்சயம் சாகும். ஆனால் பாறையும் செத்துவிடும். திரும்ப வைக்கும்போது செத்தவை அழுகி அம்மோனியா பெருகும். நோயாளியைக் காப்பாற்ற வேண்டும், நோய் மட்டும் போக வேண்டும். அங்கேதான் வித்தை இருக்கிறது.

கைகளுக்கு ரப்பர் உறை, கண்களுக்குக் கண்ணாடி. இது வேடிக்கைக்கு அன்று. ஸீனியா அவ்வளவு கொடியதன்று. ஆனால் அதோடு பாறையில் கலந்து வளரும் ஸோவாந்திட் என்ற பொத்தான் போன்ற உயிரிகள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்னும் கடும் நஞ்சு இருக்கிறது. ஹவாய்த் தீவுக்காரர்கள் பழங்காலத்தில் ஈட்டி முனையில் தடவிய நஞ்சாம். 1971-ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டனர். ‘கொதிநீரில் போட்டால் எல்லாம் செத்துவிடும்’ என்று எண்ணிப் பாறையைக் கொதிக்க வைத்தவர்கள் அந்த ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். 2018-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் தொட்டியைச் சுத்தம் செய்த ஒரு குடும்பத்தாரோடு, உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்களாம். கரண்டியோடு வெறுங்கையை விட்ட எங்களுக்கு இதைக் கேட்டதும் உடம்பு நடுங்கியது.

பிறகு ஒவ்வொரு பாறையாக வெளியே எடுத்து, தொட்டி நீர் நிரம்பிய வாளிக்குள் வைத்தார். தட்டையான கத்தியை ஸீனியாவின் தண்டில் வைக்கவில்லை. அடியில், பாறையோடு ஒட்டிய தோலின் ஓரத்தில் நுழைத்தார். பலாச்சுளையின் சடையை உரிப்பதுபோல் மெல்ல மெல்ல உரித்தால் தோலோடு முழுசாக எழும்புகிறது. குழிக்குள் புகுந்திருந்த இடங்களில் சிற்றுளியால் பாறையின் மேல்சில்லையே பெயர்த்து எடுத்தார். பிறகு பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, இரண்டாம் வாளி உப்புநீரில் அலசி, மூன்றாம் வாளியில் மறுபடி அலசினோம். அலசிய நீர் தொட்டிக்குத் திரும்பக் கூடாது. அதில் துணுக்குகள் மிதக்கும்.

கத்தி எட்டாத ஆழக் குழிகளுக்குச் சுண்ணாம்பு! நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவுகிற அதே நீற்றிய சுண்ணாம்பைக் கூழாகக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் குழிக்குள் வைத்து அடைத்தார். அது கடுங்காரம், பட்ட சதை வெந்துவிடும். தொட்டிக்குள்ளேயே வைப்பதானால் மோட்டாரை நிறுத்திவிட்டுச் சிறிதே வைக்க வேண்டும். அதிகமானால் நீர் முழுதும் காரமேறி மீன்கள் தவிக்கும். அப்போது எங்களுக்கு ஊர் ஞாபகம் வந்தது. தூத்துக்குடிக் கடலில் முன்பெல்லாம் பவளக்கல்லை வெட்டி வந்து சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பார்கள். அவ்வாறு வெட்டியதால் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கியே போயின. பவளம் சுண்ணாம்பாயிற்று, இங்கே சுண்ணாம்பு பவளத்தைக் கொல்கிறது!

அடியில் இருந்த பெரிய பாறையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் அடுக்கு சரிந்துவிடும். அதற்கு வேறு வழி. ஒருவர் கத்தியால் உரிக்க, இன்னொருவர் ரப்பர்க் குழாயின் வாயைக் கத்தியோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். உரிந்தது உரிந்தபடியே குழாய்க்குள் உறிஞ்சப்பட்டுக் கீழேயுள்ள வாளியில், துணிப்பைக்குள் விழும். குழாயைப் பிடித்தவள் தங்கை. ஒரு துணுக்கையும் அவள் தப்பவிடவில்லை.

மூளைப் பவளத்தின் காலடியில் முளைத்ததைக் கத்தியால் தொட அஞ்சினோம். பவளம் காயப்பட்டால் என்ன செய்வது? சித்தப்பா வெறும் பாறைத் துண்டு ஒன்றை அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல், வெளிச்சம் படும்படி வைத்தார். ஸீனியா நகரும் சுபாவம் உடையதல்லவா? வெளிச்சம் தேடித் தானாகவே அந்தத் துண்டின்மேல் ஏறிவிடுமாம். ஏறியதும் துண்டோடு தூக்கிவிட வேண்டியதுதான். எங்களுக்கு மிகப் பிடித்த யோசனை இதுவே. ஆனால் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். கடைசியாகத் தொட்டி நீரில் ஒரு பங்கை மாற்றி, கோழையையும் நாற்றத்தையும் ஈர்த்துக்கொள்ளக் கரித்தூள் பையை வடிகட்டியில் வைத்தார். முடிவில் மணி நான்கு. சித்தி மூன்று முறை சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.

அரை வாளி ஸீனியா மிஞ்சியது. அத்தனையும் உயிரோடு. சுருங்கிக் கிடந்தவை சற்று நேரத்தில் மறுபடி கைகளைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின. பார்க்கப் பார்க்க எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை. “சித்தப்பா, பத்து நிமிஷத்துல கடற்கரை இருக்கே. அங்கே விட்டுட்டா பிழைச்சுக்குமே!” என்றோம். அது மட்டுமல்ல. தங்கை ஒரு ஜாம் பாட்டிலைக் கழுவி, காய வைத்து, பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஒரு தண்டை ஊருக்குக் கொண்டு வந்து நம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் வைப்பதென்று நாங்கள் இருவரும் முன்பே பேசி வைத்திருந்தோம். சிஸ்டருக்குக் காட்டினால் எவ்வளவு பாராட்டுவார்கள் என்ற ஆசை!

சித்தப்பா கோபிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து வெனிசுவேலா நாட்டைப் பற்றிச் சொன்னார். அந்நாட்டின் மொச்சிமா தேசியப் பூங்காக் கடலில், ஸீனியா குடும்பத்தைச் சேர்ந்த, இந்தோனேசியப் பக்கத்து மென்பவளம் ஒன்று மண்டிவிட்டது. 2014-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் அதைப் பதிவு செய்தனர். யூனோமியா என்பது அதன் பெயர் என்று 2021-இல் எழுதினர். மீன்தொட்டி வியாபாரத்தின் வழியாகத்தான் அது கடலில் நுழைந்தது என்று கருதுகின்றனர். பாறை, கல்பவளம், கடற்புல் எதையும் விடாமல் கம்பளம் விரித்ததுபோல் மூடிக்கொண்டே போகிறதாம். 2022-இல் கியூபாவிலும் கண்டார்கள். 2023-இல் போர்ட்டோ ரிக்கோவின் கடலில் அதன் நெருங்கிய உறவான ஸீனியாவே வந்து சேர்ந்தது. முந்நூறு லிட்டர்த் தொட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் மூவர் பாடுபட்டோம். கடலில் எந்த வாளியை வைத்து அலசுவது? கலிபோர்னியாவில் ஒரு காயலில் தொட்டிப் பாசி ஒன்றை 2000-ஆம் ஆண்டில் தொடக்கத்திலேயே கண்டுபிடித்து, தார்ப்பாயால் மூடி, உள்ளே குளோரின் செலுத்தி அழித்தார்கள். முற்றும் ஒழிந்தது என்று அறிவிக்க 2006 ஆயிற்று.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மன்னார் வளைகுடாவிலேயே இது நடந்திருக்கிறது. தொழிலுக்காகக் கொண்டுவந்து வளர்த்த கப்பாஃபைகஸ் என்னும் வெளிநாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவின் உயிருள்ள பவளங்கள்மேல் ஏறிப் படர்ந்திருப்பதை 2008-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். அதைக் கையால்தான் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. பிய்த்தபோது பவளத்தின் இடுக்கில் தங்கிய துணுக்கு திரும்பவும் வளர்ந்தது. கரண்டியும் பதினான்கு மொட்டுகளும் எங்கள் கண்முன் வந்து நின்றன. 1986-ஆம் ஆண்டு முதல் அந்த இருபத்தொரு தீவுகளும் தேசியப் பூங்கா. நம் நாட்டில் கல்பவளங்களைக் கடலிலிருந்து எடுப்பது 2001 முதல் சட்டப்படி குற்றம். எடுக்கக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். போடவும் கூடாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

சித்தப்பா வாளியில் நல்ல தண்ணீரை ஊற்றி, வெளுப்பு மருந்தைக் கலந்து, மூடி வைத்தார். சாக்கடையிலோ கழிப்பறையிலோ கொட்டக் கூடாதாம். அந்த வழியும் கடைசியில் கடலுக்குப் போகலாம். மறுநாள் வடித்து, செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் சேர்த்தோம். தங்கை வாளிப் பக்கமே வரவில்லை. நாங்களும் அன்றிரவு அதிகம் பேசவில்லை.

ஜாம் பாட்டில் வீணாகவில்லை. சித்தி அதில் இஞ்சி ஊறுகாய் போட்டுக் கொடுத்தார். தூத்துக்குடி வந்து நான்கே நாளில் தீர்ந்துவிட்டது. சென்ற மாதம் சித்தப்பா படம் அனுப்பியிருந்தார். மூளைப் பவளத்தின் வெளுத்த ஓரத்தில் ஒரு நூலளவு பச்சை ஏறியிருக்கிறது. பக்கத்தில் வைத்த பாறைத் துண்டின்மேல் இரண்டு தண்டுகள் ஏறிவிட்டன. பின்புறக் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒன்று புதிதாக முளைத்திருப்பதைத் தங்கைதான் படத்தில் முதலில் கண்டுபிடித்தாள்; அப்போதே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள்.